தண்டா, காம்பா, ஈர்க்கா?

(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டம் முடிந்தபின், கரிவலம்வந்தநல்லூரைச் சேர்ந்த நம் உறுப்பினர், ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர், ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



என்னை இங்கே நிறுத்தியது நம் வாட்ஸ்அப் குழுதான். மூன்று வீடுகளில் மூன்று தொட்டிகளில் கறிவேப்பிலைக் குச்சி நட்டார்கள். மூன்றும் காய்ந்துவிட்டன. தண்ணீர் உப்பு என்று ஒருவர் சொன்னார். மண் சரியில்லை என்று இன்னொருவர். பால்கனிக்கு வெயில் வரவில்லை, அதற்குக் காரணம் எதிர் வீட்டுத் துணிக்கொடி என்கிற அளவுக்கு விவாதம் போய்விட்டது. தோட்ட வேலை பார்க்கும் அண்ணாச்சி வந்து ஒரு தொட்டியைப் பார்த்தார். “இது குச்சி இல்ல சார், வெறும் இணுக்கு. போத்து வச்சாத்தான துளுக்கும்?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதன்பிறகு குழுவில் வந்த கேள்வி: போத்து என்றால் என்ன? இணுக்கு என்றால் என்ன? ஒன்பது மாடியில் ஒருவருக்கும் தெரியவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. ஆனால் அவர்களும் அதைப் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறார்கள், செடியில் பார்த்ததில்லை.

ஒரு செடியில் ஒன்றை ஒன்று தாங்கி நிற்கும் பாகங்களுக்குத் தமிழில் நிறையச் சொற்கள் உண்டு. தண்டு, தாள், தட்டை, கோல், கழி, அடி, கொப்பு, போத்து, காம்பு, ஈர்க்கு, மட்டை என்று போய்க்கொண்டே இருக்கும். இவை ஒரே பொருளுக்குப் பல பெயர்கள் அல்ல. நாம் இன்று எல்லாவற்றையும் ‘தண்டு’, ‘காம்பு’ என்ற இரண்டு சொல்லில் அடக்கிவிட்டோம். அதனால் என்ன நட்டம் என்பதற்கு அந்த மூன்று தொட்டிகளே சாட்சி.

பிள்ளைகள் படிக்கும் அந்தப் பாடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் முதல் இயலிலேயே ‘தமிழ்ச்சொல் வளம்’ என்று ஓர் உரைநடை இருக்கிறது. எழுதியவர் தேவநேயப் பாவாணர். அவர் நமக்கு அயலூர்க்காரர் இல்லை. 1902 பிப்ரவரி 7 அன்று பக்கத்துச் சங்கரன்கோவிலில் பிறந்தவர். 1974இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்துக்கு இயக்குநராக இருந்தார். 1981 சனவரியில் மதுரையில் நடந்த ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டில் பேசினார், அப்போதே உடல்நலம் கெட்டு அந்த மாதமே மறைந்தார். அகரமுதலியின் முதல் பகுதி 1985இல்தான் அச்சில் வந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

அந்தக் கட்டுரையில் அவர் செடிகொடிகளின் அடிப்பகுதியை எட்டாகப் பிரிக்கிறார். நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் இருப்பது தாள். கீரைக்கும் வாழைக்கும் தண்டு. மிளகாய்ச் செடிக்குக் கோல். புதர் போல் கிளம்புவதற்குத் தூறு. கம்புக்கும் சோளத்துக்கும் தட்டை. கரும்புக்குக் கழி, மூங்கிலுக்குக் கழை, புளிக்கும் வேம்புக்கும் அடி. பிறகு கிளைக்கு வருகிறார். அடிமரத்திலிருந்து பிரியும் பெரிய பிரிவு கவை. அதிலிருந்து கொம்பு அல்லது கொப்பு, அப்புறம் கிளை, சினை, போத்து, குச்சு, கடைசியில் இணுக்கு. ஏழு படி.

இதைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். பொருத்துக கேள்விக்கு நல்ல தீனி. “பார்த்தீர்களா, தமிழில் எத்தனை சொல்!” என்று மேடையில் பெருமைப்படவும் உதவுகிறது. என் கருத்தைச் சொன்னால் தமிழாசிரியர்கள் கோபிக்கக் கூடாது: எண்ணிக்கை மட்டும் பெரிய விஷயம் இல்லை. ஆங்கிலத்திலும் புல்லின் தாளுக்குக் கல்ம், கரும்புக்குக் கேன், மரத்துக்கு டிரங்க் என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். எந்த மரமும் ஏழு படி கணக்குப் பார்த்துக் கிளை விடுவதும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. எதைப் பார்த்து இந்தச் சொற்களைப் பிரித்தார்கள்?

கையில் எடுத்துப் பாருங்கள். நெல்லின் தாள் உள்ளே குழாய் போல் இருக்கும், கட்டாகக் கட்டலாம், வைக்கோலாக மாடு தின்னும். சோளத்தட்டை உள்ளே நெட்டியாக நிறைந்திருக்கும், கணு கணுவாக ஒடியும். கீரைத்தண்டில் நீர் நிற்கும், நகத்தால் கிள்ளலாம், குழம்பில் போடலாம். மிளகாய்ச் செடியின் கோல் கொஞ்சம் விறைத்து நிற்கும், காய்ந்தால் அடுப்புக்கு ஆகும். நம் பக்கத்துக் கரிசல் காட்டில் பருத்தி எடுத்து முடித்தபின் பிடுங்கிப் போடும் காய்ந்த செடிக்குப் ‘பருத்திமார்’ என்று தனிப்பெயரே உண்டு. அதைத் தண்டு என்று ஒரு சம்சாரியிடம் சொன்னால் சிரிப்பார். இந்தச் சொற்கள் கேட்கும் கேள்வி இதுதான்: இது எப்படி நிற்கிறது, கைக்கு எப்படி இருக்கிறது, எதற்கு ஆகும்?

தாவரவியல் கேட்கும் கேள்வி அது இல்லை. இது எங்கிருந்து முளைத்தது, எதைத் தாங்குகிறது? அவ்வளவுதான். வேரை ஒட்டி எழுந்து கணுவும் இலையும் மொட்டும் தாங்கினால் அது குழாயாக இருந்தாலும் சரி, கட்டையாக இருந்தாலும் சரி, தண்டு. ஓர் இலையின் பரப்பை மட்டும் தாங்கினால் இலைக்காம்பு. ஒரே ஒரு பூவைத் தாங்கினால் பூக்காம்பு. பல பூக்கள் உள்ள ஒரு கொத்து முழுவதையும் தாங்கினால் மஞ்சரித்தண்டு. அதாவது தாவரவியலுக்குப் புளியமரத்தின் அடியும் கீரைத்தண்டும் ஒரே சாதி.

இரண்டு கேள்வியும் சரியானவை. ஆனால் ஒன்றின் பதிலை இன்னொன்றுக்கு எழுதினால் மதிப்பெண்ணும் போகும், செடியும் போகும். தமிழ் வகுப்பில் ஒரு பட்டியல், அறிவியல் வகுப்பில் ஒரு படம் என்று படித்துவிட்டு, இரண்டும் ஒரே செடியைப் பற்றியவை என்று தெரியாமலே பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு மிகப் பெரிய உதாரணம் வாழை. கல்யாண வாசலில் கட்டும் வாழை மரத்தைப் பாருங்கள். வெளியே தெரியும் அந்தப் பருத்த உருளை தண்டே இல்லை. இலைகளின் அடிப்பகுதி ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி இறுகி நிற்கிறது. பூக்கட்ட நார் கிழிக்கிறோமே, அந்தப் பட்டைதான் இலையின் அடி. வாழையின் முதன்மையான தண்டு மண்ணுக்குள் கிழங்காகக் கிடக்கிறது. குலை தள்ளும் காலம் வரும்போது அந்தக் கிழங்கின் நுனியிலிருந்து ஒரு வெள்ளைத் தண்டு இலைப்பட்டைகளின் நடுவே ஏறி, உச்சியில் பூவாக வெளியே வருகிறது. நாம் பொரியல் வைப்பது இதைத்தான். ஆகவே குலை தள்ளாத இளவாழையை வெட்டினால் நல்ல தண்டு கிடைக்காது, சுருட்டிய இலைதான் கிடைக்கும். தார் வெட்டியபின் தண்டு எடுப்பது ஏன் என்று நம் பாட்டிமாருக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. ஆனால் பட்டை என்றும் தண்டு என்றும் கிழங்கு என்றும் சரியான இடத்தில் சரியாகத்தான் பிரித்துச் சொன்னார்கள்.

சேனைக்கிழங்கு இன்னும் வேடிக்கை. மண்ணிலிருந்து ஒற்றைக் காலில் எழுந்து குடை விரித்து நிற்கும். சின்ன மரம் என்றே தோன்றும். உண்மையில் அது முழுவதும் ஒரே ஓர் இலை. சேனைத்தண்டு என்று சமைப்பது இலைக்காம்பு. தண்டு என்பது கீழே இருக்கும் கிழங்கு.

சரி, கறிவேப்பிலைக்கு வருகிறேன். எது இலை, எது கிளை என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் செய்து பார்க்கலாம். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், மேல்பக்கம், நம் அக்குள் மாதிரி ஒரு மூலை இருக்கும். இலைக்கோணம் என்பார்கள். அங்கே சின்னதாக ஒரு மொட்டு உட்கார்ந்திருக்கும். அதுதான் நாளைய கிளை. மொட்டு இருந்தால், அதன் கீழே இருப்பது இலை. இல்லையென்றால், நீங்கள் இலை என்று நினைப்பது இலையின் ஒரு துண்டுதான், அதற்குச் சிற்றிலை என்று பெயர்.

கறிவேப்பிலையில் ஒரு கொத்தை எடுத்துச் சிற்றிலை ஒவ்வொன்றின் அடியிலும் தேடுங்கள். மொட்டே இருக்காது. மொத்தக் கொத்தும் மரத்தோடு சேரும் இடத்தில் ஒன்றே ஒன்று இருக்கும். அந்தக் கொத்து முழுவதும் ஓர் இலை என்று அர்த்தம். கடைக்காரர் கொசுறாகப் போடுவது ஒரு கிளை அல்ல, ஓர் இலை. பறிக்கும்போது மொட்டு மரத்திலேயே தங்கிவிடுகிறது, நம் கைக்கு வருவது மொட்டில்லாத காம்பு. அதைத் தொட்டியில் ஊன்றினால் சில நாள் பச்சையாக நிற்கும், மரமாகாது. கறிவேப்பிலை வேண்டுமென்றால் பழுத்த பழத்தின் விதையைப் போடுங்கள், அல்லது பெரிய மரத்தின் வேரிலிருந்து பக்கத்தில் கிளம்பும் கன்றைப் பெயர்த்து வையுங்கள்.

அண்ணாச்சி சொன்ன ‘இணுக்கு’ இதுதான். பாவாணர் பட்டியலில் இணுக்கு என்பது கிளைகளில் மிகச் சிறியது. நம் அடுக்களையில் அது கையால் இணுங்கி எடுத்த கொத்து. இணுங்குதல் என்றால் இலை பறித்தல். சொல் கையின் வேலையிலிருந்து வந்திருக்கிறது. ‘போத்து’ நம் பக்கத்தில் நடுவதற்காக வெட்டும் கொப்பு. முருங்கைப் போத்து, பூவரசம் போத்து. அதில் கணு இருக்கும், கணுவில் மொட்டு இருக்கும், ஊன்றினால் துளிர்க்கும். ஆக, “போத்து வை, இணுக்கு வைக்காதே” என்ற ஒரு வரியில் இலைக்கோண மொட்டுப் பாடம் முழுக்க இருக்கிறது. நான் வகுப்பில் அதை நடத்த இரண்டு பீரியடு எடுப்பேன்.

இதே சோதனையைக் கீழாநெல்லியில் செய்து பாருங்கள். பார்வைக்குக் கறிவேப்பிலைக் கொத்து மாதிரியேதான் இருக்கும், இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்ன இலைகள். திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு இலையின் அடியிலும் ஒரு பூவோ காயோ தொங்கும். பூ வருகிற இடம் மொட்டு இருந்த இடம். எனவே அவை சிற்றிலைகள் அல்ல, முழு இலைகள். நடுவில் ஓடுவது காம்பு அல்ல, கிளை. பெரிய நெல்லி மரத்திலும் இப்படித்தான், ஆனால் அங்கே அந்தச் சிறு கிளைகள் இலை மாதிரியே மொத்தமாக உதிர்ந்தும் போகும், பார்ப்பவரை ஏமாற்றிவிடும். கீழே காய்க்கிற நெல்லி என்று பெயர் வைத்தவர் எந்தக் கல்லூரியிலும் படித்திருக்க மாட்டார். செடியைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

ரோஜா வளர்ப்பவர்களுக்கும் ஒரு சொல். “ஐந்து இலைக்கு மேலே வெட்டு” என்று சொல்வார்கள். அது ஐந்து இலை அல்ல, ஐந்து சிற்றிலை உள்ள ஓர் இலை. அதன் அக்குளில் இருக்கும் மொட்டுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். ஐந்தை எண்ணுகிறேன் என்று ஒரே இலையின் நடுவில் கத்தரி வைத்தால் பயன் இல்லை.

ஈர்க்கு என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். தென்னை ஓலையின் நடுவில் ஓடும் நரம்பு ஈர்க்கு, அதைச் சேர்த்துக் கட்டினால் வாரியல். முருங்கைக் கீரையை உருவியபின் மிஞ்சுவதும் ஈர்க்கு, அதில் ரசம் வைப்போம். வேப்பிலைக்கும் உண்டு. தென்னை எங்கே, முருங்கை எங்கே? ஆனால் இந்த மூன்றிலும் ஈர்க்கு என்பது ஓர் இலைக்கு உள்ளேயே இருக்கும் தாங்கு நரம்பு. இந்த இடத்தில் ஊர்ச்சொல்லும் தாவரவியலும் கைகுலுக்கிக்கொள்கின்றன. நெல்லி மட்டும் இங்கேயும் ஏமாற்றிவிட்டது. கைமருந்தில் நெல்லி ஈர்க்கு என்று சேர்ப்பார்களே, அது சிறு கிளை.

தென்னையில் ஒரு முழு மட்டை என்பது ஓர் இலை. நம் வாசலில் வண்டி மேல் விழுந்தது ‘கிளை’ என்று புகார் எழுதியிருந்தார்கள். தென்னைக்குக் கிளை கிடையாது. விழுந்தது காய்ந்த இலை, வருடம் முழுக்க விழும். கிளையை ஒருமுறை கழித்தால் சில வருடம் நிம்மதி. மட்டையை அப்படி விட முடியாது, மரம் ஏறுகிறவரைத் தொடர்ந்து வரவழைக்க வேண்டும். பராமரிப்புச் செலவில் இதைத் தனியாகக் காட்டச் சொல்லிச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன்.

இப்படிப் பிரிப்பது நேற்று வந்த பழக்கமும் இல்லை. தொல்காப்பியத்தின் மரபியலில் வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் உள்ளே வைரம் உள்ளதை மரம் என்றும் பிரித்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல். பனையை அறுத்தவர்களுக்குத் தெரியும், விளிம்பில்தான் வலு, நடுவில் சோறு. புளியும் வேம்பும் நேர் எதிர், நடுவில்தான் வைரம். அதற்கேற்ப உறுப்புகளின் பெயரையும் இரண்டு வரிசையாகத் தந்திருக்கிறார்கள். ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, ஏடு, குலை ஒரு பக்கம். இலை, தளிர், சினை, அரும்பு, பூ மறுபக்கம். இன்றைய ஒருவித்திலை, இருவித்திலைப் பிரிவோடு இது முழுக்கப் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பனையை மரத்திலிருந்து பிரித்துப் புல்லோடு சேர்த்தது தாவரவியலும் ஒத்துக்கொள்ளும் பிரிவுதான்.

ஏடு என்றதும் நம் ஊர் நினைவு வராமல் இருக்காது. வரதுங்கராம பாண்டியர் வைத்திருந்த சுவடிகளைத் தேடி உ.வே.சாமிநாதையர் கரிவலம்வந்தநல்லூருக்கு வந்தார். சிதைந்த ஏடுகளை முறைப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் போட்டுவிட்டதாகக் கோயில் பக்கத்தில் சொன்னார்கள். ‘என் சரித்திர’த்தில் அவர் இதை எழுதியிருக்கிறார். ஓலையில் இருந்தது அப்படிப் போயிற்று. வாயில் இருப்பதையாவது கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் அண்ணாச்சியிடம் நான் பேச்சுக் கொடுப்பது.

காம்பு பற்றி இரண்டு வார்த்தை, பூக்கட்டும் தாய்மார்களுக்காக. பவழமல்லியில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் பகுதியைக் காம்பு என்கிறோம். அது காம்பு அல்ல. இதழ்களின் அடிப்பாகமே ஒட்டிக் குழலாக நீண்டது. பிச்சிப்பூவில் நாம் நூல் சுற்றும் நீளப் பகுதியும் அந்தக் குழல்தான். பழைய பெயர் என்ன தெரியுமா? பவழக்கால் மல்லிகை. காம்பு என்று சொல்லவில்லை, கால் என்றார்கள். எனக்கு அந்தக் ‘கால்’ இன்னும் பொருத்தமாகப் படுகிறது. முந்திரியில் இது தலைகீழ்: பழம் என்று தின்பது பருத்த காம்பு, உண்மையான கனி கீழே தொங்கும் கொட்டை.

கொடிகளை விரைவாக முடித்துக்கொள்கிறேன், மின்தூக்கியை எட்டரைக்கு நிறுத்துவார்களாம். பாகலும் பிரண்டையும் பற்றுக்கம்பி விட்டு ஏறும். பிரண்டையில் அது இலைக்கு நேர் எதிரே கிளம்பும், கிளை உருமாறியது. நம் மாநில மலரான செங்காந்தளில் இலையின் நுனியே கம்பியாகச் சுருண்டு பிடித்துக்கொள்ளும். சுற்றுச்சுவரில் ஏறும் காகிதப்பூவின் முள் இலையின் அக்குளில் இருக்கும், ஆகவே அதுவும் கிளை. ரோஜா முள் வெறும் தோல், பக்கவாட்டில் தள்ளினால் கழன்றுவிடும். ஆலமரத்தின் விழுது வேர். விழுவதால் விழுது என்றார்கள், தூணாக நிற்பதால் தாவரவியலில் தூண்வேர் என்கிறார்கள். கொழுகொம்பு மட்டும் செடியின் உறுப்பே இல்லை, அது நாம் நட்டுக் கொடுப்பது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் வளாகத்துச் செடிகளுக்குப் பெயர் அட்டை கட்டுவதாகச் சங்கம் தீர்மானித்திருக்கிறது. பெயரோடு நிறுத்தாமல், ஒவ்வொன்றின் அடிக்கும் இலையைத் தாங்குவதற்கும் ஊரில் என்ன பெயர், தாவரவியலில் என்ன பெயர் என்று இரண்டு வரி சேர்த்து எழுதலாம். எழுதுவது பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். அண்ணாச்சி திருத்துவார், நான் பக்கத்தில் இருப்பேன். வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தண்ணீர்த் தொட்டி அருகில் கூடுகிறோம். பின்பக்கச் சுவரோரம் கீழாநெல்லி நிறைய முளைத்திருக்கிறது. களை என்று நினைத்து அதற்குள் யாரும் பிடுங்கிவிட வேண்டாம்.